அம்மப்பாவின் டிஸ்கோ முடியும் அம்மம்மாவின் பின்னலும்



சென்ற மாதம் ஊர்காவற்றுறைப் பக்கத்தில் ஒரு வீட்டுத் தரிசிப்புக்குப் போயிருந்தேன். பெயரும் ஊரும் இங்கு வேண்டாம். அந்த வீட்டில் மூன்று பெண்கள் இருக்கிறார்கள். அம்மம்மா, அம்மா, உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கும் மகள். மகள் யாழ்ப்பாணம் போன ஒரு நாளில், இடுப்பு வரை இருந்த முடியைத் தோள் மட்டத்துக்கு 'ஸ்ரெப் கட்' செய்துகொண்டு வந்துவிட்டாள். அன்றிலிருந்து பத்து நாட்களாகத் தாயும் மகளும் பேசவில்லை. அதோடு நில்லாமல், மகள் சேர்ந்திருந்த கணினி வகுப்புக்கும் இனிப் போகவேண்டாம் என்று தாய் சொல்லிவிட்டார்.

முடி வெட்டியதற்காகப் படிப்பை நிறுத்துவதா என்று கேட்கத்தான் நான் போனேன்.

"மிஸ், படிச்ச பிள்ளை நீங்கள், நீங்களே சொல்லுங்கோ. குமர்ப்பிள்ளை தலையை இப்பிடி வெட்டிக்கொண்டு வந்து நிண்டால் சனம் என்ன கதைக்கும்?" என்று தாய் கேட்டார்.

விறாந்தையில் இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த அம்மம்மா எழுந்து உள்ளே போனார். காணி உறுதியும் பிறப்புச் சாட்சிப் பத்திரங்களும் வைத்திருக்கும் பொலித்தீன் பையோடு திரும்பி வந்து, அதிலிருந்து ஒரு புகைப்படத்தை எடுத்து என் கையில் தந்தார். எத்தனையோ இடப்பெயர்வுகளுக்குத் தப்பிய படம் அது. 1979இல், திருமணமாகி ஆறு மாதத்தில், யாழ்ப்பாண நகரத்து ஸ்ரூடியோ ஒன்றில் எடுத்தது.

படத்தில் அம்மப்பா நிற்கிறார். இரண்டு காதுகளையும் மூடிய முடி, நெற்றியிலிருந்து பின்னால் அலையாகத் தூக்கி வாரப்பட்டிருக்கிறது. அகலமான கொலர் வைத்த சேர்ட்டும் தரையைக் கூட்டும் பெல்பொட்டமும் அணிந்திருக்கிறார். பக்கத்துக் கதிரையில் அம்மம்மா இருக்கிறார். எண்ணெய் பூசிப் படிய வாரிய தலை, நேர் உச்சி, முன்னால் எடுத்துவிட்ட நீண்ட பின்னல், அதில் பூ.

"கொழும்பிலை கடையிலை நிண்டவர். அங்கை டிஸ்கோ எண்டு ஒரு ஆட்டம் வந்ததாம். அந்த ஸ்ரைலாம் இது" என்று சொல்லி அம்மம்மா சிரித்தார்.

"அம்மம்மா, அந்த நேரம் உங்களுக்கும் கொஞ்சம் வெட்டிப் பார்க்க ஆசை வரேல்லையோ?" என்று கேட்டேன்.

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "எங்களை ஆர் மோனை கேட்டவை?" என்றார்.

இந்த மாதம் முழுவதும் அந்தக் கேள்வி என்னோடு இருக்கிறது. அதைப் பற்றித்தான் உங்களோடு கதைக்க விரும்புகிறேன்.

டிஸ்கோ முடி என்றால் என்ன?

டிஸ்கோ என்பது 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் நியூயோர்க் போன்ற நகரங்களின் நடன விடுதிகளில் வளர்ந்த இசை. கறுப்பின மக்களும் இலத்தீன் அமெரிக்கக் குடியேறிகளும், சமூகம் ஒதுக்கிவைத்த வேறு பலரும் கூடி ஆடிய இடங்கள் அவை. 1977 டிசம்பரில் வெளிவந்த 'சற்றர்டே நைற் ஃபீவர்' என்ற திரைப்படம் அந்த ஆட்டத்தை உலகெங்கும் கொண்டு சென்றது. அதில் நடித்த ஜோன் ட்ரவோல்ற்றா முடியை உலர்த்தி மேலே தூக்கி வாரிய விதத்தை எத்தனையோ நாட்டு இளைஞர்கள் பின்பற்றினார்கள்.

பெண்களிடத்தில் அப்போது மூன்று விதமான முடி பிரபலமாக இருந்தது. முதலாவது, நடிகை ஃபாரா ஃபோசெற்றின் முடி. 1976இல் வெளியான அவரது சுவரொட்டி இலட்சக்கணக்கில் விற்பனையானது. பறவையின் சிறகுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருப்பதுபோல முடியைப் பல நீளங்களில் வெட்டி, ஹெயார் ட்ரையர் என்னும் உலர்த்தும் கருவியால் முகத்திலிருந்து பின்னோக்கி ஊதிவிடுவது. இன்று நமது பிள்ளைகள் 'ஸ்ரெப் கட்', 'லேயர் கட்' என்று கேட்டு வெட்டுவது இதன் வழிவந்ததுதான்.

இரண்டாவது, 1976 குளிர்கால ஒலிம்பிக்கில் 'ஃபிகர் ஸ்கேற்றிங்' போட்டியின் மகளிர் தனிநபர் பிரிவில் தங்கப்பதக்கம் பெற்ற டொரதி ஹாமிலின் கட்டை முடி. சுழன்று ஆடும்போது முகத்தை மறைக்காமல், நின்றதும் தானாகவே தன் இடத்தில் வந்து விழும் முடி அது. கண்ணாடிக்கு முன் நெடுநேரம் நிற்கத் தேவையில்லை. வேலைக்குப் போகும் பெண்கள் அதை விரும்பியதில் வியப்பில்லை.

மூன்றாவது, 'அஃப்ரோ'. கறுப்பின மக்களின் முடி இயற்கையிலேயே நெருங்கிய சுருளாக வளர்வது. வெள்ளையரின் முடியைப்போல் நேராக இருந்தால்தான் அழகு, அப்படி இருந்தால்தான் வேலை கிடைக்கும் என்ற நிலையில், அவர்கள் பல தலைமுறைகளாகச் சூடான சீப்பாலும் இரசாயனங்களாலும் முடியை நேராக்கி வந்தார்கள். 1960களின் உரிமைப் போராட்டங்களோடு, "என் முடி வளர்கிறபடியே அழகானது" என்று அதை வட்டமாக வளரவிட்டார்கள். பேராசிரியை ஏஞ்சலா டேவிஸின் அஃப்ரோ முடி அந்தப் போராட்டத்தின் அடையாளமாகவே ஆனது. டிஸ்கோ மேடைகளில் உலகம் கண்டு ரசித்த அந்த வட்டத் தலைகளுக்குப் பின்னால் இப்படி ஒரு வரலாறு இருந்தது.

தீவகத்துக்கு அது வந்த வழி

இலங்கையில் தொலைக்காட்சி தொடங்கியதே 1979இல்தான். ரூபவாஹினி வந்தது 1982இல். அப்படியிருக்க இந்த முடி எவ்வாறு ஊர்காவற்றுறைக்கும் புங்குடுதீவுக்கும் நெடுந்தீவுக்கும் வந்து சேர்ந்தது?

கடை வழியாக வந்தது. தீவகத்து ஆண்களில் பெருந்தொகையினர் கொழும்பிலும் தென்னிலங்கையின் மற்ற நகரங்களிலும் கடை வைத்திருந்தார்கள், அல்லது உறவினரின் கடையில் நின்றார்கள். 1977இல் திறந்த பொருளாதாரம் வந்தது. அதுவரை இறக்குமதிக் கட்டுப்பாட்டினால் கிடைக்காதிருந்த ரேப் றெக்கோடரும் வெளிநாட்டுத் துணிகளும் கொழும்புக் கடைகளில் நிறைந்தன. உலகில் டிஸ்கோ உச்சத்தில் இருந்ததும் அதே ஆண்டுகளில்தான். விடுமுறைக்கு ஊருக்கு வந்த இளைஞர் பெட்டியில் பொனி எம் கசெற்றும் தலையில் புதிய வெட்டும் கொண்டுவந்தார்கள். யாழ்ப்பாணத்தில் வின்சர், ராஜா, மனோகரா, ராணி என்று திரையரங்குகள் இருந்தன. 1979இல் வந்த 'நினைத்தாலே இனிக்கும்' படத்தில் கமலஹாசனும் ரஜினிகாந்தும் காது மூடிய முடியோடு பாட்டுக் குழுவினராக வந்தார்கள். படம் பார்த்த கையோடு சலூனுக்குப் போனவர்களும் உண்டு.

அன்று தீவகத்தில் பெரும்பாலான வீடுகளில் மின்சாரம் இல்லை. உலர்த்தும் கருவிக்கு எங்கே போவது? அம்மம்மா சொன்னார்: "தலையை நனைச்சுப்போட்டு, சீப்பாலை மேலை மேலை தூக்கிக்கொண்டு முத்தத்து வெயிலிலை நிப்பார். பண்ணைப் பாலத்தாலை பஸ் வரேக்கை காத்து அடிச்சுக் குழப்பிப்போடும் எண்டு லேஞ்சியாலை கட்டிக்கொண்டு வருவார்."

வீட்டில் எதிர்ப்பு இருக்கவில்லையா? இருந்தது. அம்மப்பாவின் தகப்பன், "உது என்ன குருவிக்கூடோ?" என்று ஏசுவாராம். ஏச்சு அவ்வளவோடு முடிந்தது. அவர் வேலையை யாரும் நிறுத்தவில்லை. பெண் கொடுக்க யாரும் தயங்கவும் இல்லை.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். புதிய வெட்டுக்குச் சலூன் கதிரை வேண்டும். அந்தக் கதிரையும் எல்லோருக்கும் எளிதில் கிடைத்ததல்ல. முடி திருத்துவோர் 'குடிமை' என்ற பெயரில் வீடு வீடாகச் சென்று ஊழியம் செய்ய வைக்கப்பட்ட காலம் ஒன்று இருந்தது. சலூன்கள் வந்த பின்னும், ஒடுக்கப்பட்ட சாதியினருக்கு அங்கே முடி வெட்ட மறுக்கப்பட்டது. பொது இடங்களில் சாதி காரணமாக ஒருவரை மறுப்பது குற்றம் என்று 1957ஆம் ஆண்டுச் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் சொன்னது. ஆனால் சட்டம் மட்டும் போதவில்லை. 1966 ஒக்டோபர் எழுச்சியும் அதன்பின் நடந்த தேநீர்க்கடை, ஆலயப் பிரவேசப் போராட்டங்களும் வேண்டியிருந்தன. ஒரு மனிதன் தன் தலையைத் தன் விருப்பப்படி வைத்துக்கொள்வதற்குள் இத்தனை விடயங்கள் அடங்கியிருக்கின்றன.

பெண்களின் தலை ஏன் மாறவில்லை?

ஆண்களுக்காவது அந்தக் கதிரை கிடைத்தது. பெண்களுக்கு அப்படி ஓர் இடமே தீவகத்தில் இருக்கவில்லை. ஆண்களின் சலூனுக்குள் ஒரு பெண் நுழைவதை நினைத்தும் பார்க்கமுடியாது. வீட்டில் கத்தரிக்கோல் இருந்தது. ஆனால் அது துணிக்கும், நோய் வந்தால் முடிக்கும் மட்டுமே உரியது.

அதைவிட முக்கியமாக, பெண்ணின் முடி அவளுடையதாகக் கருதப்படவில்லை. பள்ளிக்கூடத்துக்கு அது இரட்டைப் பின்னலும் றிபனும். கலியாணம் பேசுகிறவர்களுக்கு அது ஒரு தகுதி. "பிள்ளைக்கு நல்ல தலைமயிர்" என்று தரகர் சொல்வதை நாங்கள் எல்லோரும் கேட்டிருக்கிறோம். கணவன் இறந்தால் அதில் பூ இருக்கக்கூடாது. முடி வளர்ந்தது அவள் தலையில்; அது எப்படி இருக்கவேண்டும் என்ற தீர்மானம் மற்றவர்களிடம்.

நான் சமூகவியல் படித்தபோது 'சமூகமயமாக்கல்' என்ற சொல்லைப் பக்கம் பக்கமாக எழுதினேன். அதன் அர்த்தம் இத்தகைய சிறிய விடயங்களில்தான் விளங்குகிறது. பெண்ணின் கூந்தலுக்கு இயற்கையிலேயே மணம் உண்டா என்று சிவபெருமானும் நக்கீரரும் சபையில் வாதாடிய கதை நமக்குச் சிறுவயதிலிருந்தே தெரியும். அத்தனை பெரிய வாதத்தில் கூந்தலுக்குரியவளிடம் ஒரு வார்த்தை கேட்கப்படவில்லை.

சினிமாவும் இதைத்தான் சொல்லிக் கொடுத்தது. 1972இல் வந்த 'பட்டிக்காடா பட்டணமா' படத்தில் வெளிநாட்டில் படித்த நாகரிகப் பெண்ணாக ஜெயலலிதா வருவார். கடைசியில் அவர் கிராமத்து மனைவியாக அடங்கவேண்டும். அதே படத்தில் நாயகன் சிவாஜி கணேசனும் நவநாகரிக இளைஞனாக வேடம் போட்டு வருவார். அது திறமையாகவும் வேடிக்கையாகவும் காட்டப்படும். ஆண் மாறினால் நாகரிகம், பெண் மாறினால் திமிர்.

இதிலே உழைப்பும் இருக்கிறது. தீவகத்தில் நன்னீரின் அருமை நமக்குத் தெரியும். உவர் நீரில் தலை தோய்ந்தால் முடி சிக்குப் பிடிக்கும். இடுப்பு வரை உள்ள முடிக்குச் சீயக்காயோ செவ்வரத்தை இலையோ தேய்த்துத் தோய எத்தனை வாளி நல்ல தண்ணீர் வேண்டும்! தூரத்துக் கிணற்றிலிருந்து அதைச் சுமந்தவளும் பெண்தான். நீண்ட கூந்தலைப் புகழ்ந்தவர்கள் அந்த வாளிகளை எண்ணியதில்லை.

தாயின் பயம்

இவ்வளவையும் நான் அந்தத் தாயிடம் பிரசங்கமாகச் சொல்லியிருந்தால் பிழை விட்டிருப்பேன். நல்லவேளை, அவரே கதைக்கத் தொடங்கினார்.

அம்மப்பாவின் டிஸ்கோ முடி 1983 ஜூலையோடு முடிந்துபோனது. கடை எரிந்து, கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து இறங்கியவர் அதன்பின் ஸ்ரைல் எதுவும் பார்க்கவில்லை. மகளுக்கு அப்போது மூன்று வயது. 1990இல் தீவகத்தை விட்டு இடம்பெயர்ந்தபோது பத்து வயது. 1996இல் குடாநாடு இராணுவக் கட்டுப்பாட்டுக்குள் வந்தபோது பதினாறு.

"கட்டை முடி எண்டால் எங்கடை காலத்திலை என்ன அர்த்தம் எண்டு இவளுக்குத் தெரியாது மிஸ்" என்றார். "இயக்கத்துப் பிள்ளையள்தான் அப்பிடி வெட்டினவை. ஒருநாள் சோதனைச் சாவடியிலை எனக்கு முன்னாலை ஒரு பிள்ளை நிண்டது. நெருப்புக் காய்ச்சல் வந்து முடி கொட்டி வெட்டின தலை. அதை விளங்கப்படுத்த அந்தத் தாய் பட்ட பாட்டை நான் பார்த்துக்கொண்டு நிண்டனான். அண்டைக்குப் பிறகு என்ரை பின்னலை நான் தொட்டுத் தொட்டுப் பார்ப்பன்."

ஆயுதம் ஏந்திய பெண்களுக்கு முடியைக் கட்டையாக வெட்டுவது ஓடவும் நீந்தவும் வசதியாக இருந்தது. 2009இற்குப் பின் அதே கட்டை முடி அவர்களில் பலரைக் காட்டிக்கொடுக்கும் அடையாளமாகவும் ஆனது. முடி வளரும் வரை முக்காடு போட்டு வீட்டுக்குள் இருந்த பெண்களை என்னைப் போன்ற சமூகப் பணியாளர்கள் சந்தித்திருக்கிறார்கள்.

எனவே, மகளின் முடியைக் கண்டு தாய் கோபித்ததை வெறும் பழமைவாதம் என்று ஒதுக்கிவிடமுடியாது. பின்னல் அந்தத் தலைமுறைக்கு ஒரு பாதுகாப்பாக இருந்தது. இதை அவர் மகளுக்கு ஒருநாளும் சொன்னதில்லை. கதவுக்குப் பக்கத்தில் நின்ற மகளும் அன்றுதான் கேட்டாள். எமது பல வீடுகளில் இப்படித்தான். பயம் தடையாக மட்டும் வெளியே வருகிறது. அதன் காரணம் உள்ளேயே நின்றுவிடுகிறது.

வெட்டினால்தான் விடுதலையா?

சகோதரிகளே, எல்லோரும் முடியை வெட்டுங்கள் என்று நான் எழுதவில்லை. நயினாதீவு நாகபூசணி அம்மனுக்கு நேர்த்தி வைத்து முழுத் தலையையும் காணிக்கையாகக் கொடுக்கும் பெண்களைப் பார்த்திருக்கிறேன். முழங்கால் வரை வளர்த்து ஆசையோடு பேணும் பெண்களையும் அறிவேன். இரண்டும் அவர்களது விருப்பமாக இருந்தால் இரண்டும் நல்லதே.

ஆனால் இன்று இன்னொரு கட்டளை வந்திருக்கிறது. சுருள் முடி அழகில்லை, நேராக்கவேண்டும் என்று விளம்பரமும் கைத்தொலைபேசியும் நமது பிள்ளைகளுக்குச் சொல்கின்றன. அஃப்ரோ முடிக்காரர்கள் எதிர்த்து நின்ற அதே கட்டளை இது. இயற்கை முடிக்காக ஒருவரை வேலையிலோ பாடசாலையிலோ ஒதுக்கக்கூடாது என்று அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் சட்டம் இயற்றியது 2019இல்தான். டிஸ்கோ காலம் முடிந்து நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகும் அப்படி ஒரு சட்டம் தேவைப்பட்டிருக்கிறது.

முடியை நேராக்கும் சில கலவைகள் சூடாகும்போது ஃபோமல்டிஹைட் என்ற வாயு வெளிவருகிறது. அது மனிதரில் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு வகைப்படுத்தியிருக்கிறது. எனவே பார்லருக்குப் போகும் பிள்ளைகள் போத்தலில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்கவேண்டும். கண் எரிந்தால், மூச்சு முட்டினால் உடனே நிறுத்தச் சொல்லவேண்டும். காற்றோட்டமில்லாத அறையில் செய்ய விடக்கூடாது. அங்கே நாள் முழுவதும் நின்று வேலை செய்யும் பெண்ணுக்கே ஆபத்து அதிகம் என்பதையும் நாம் மறந்துவிடலாகாது.

அந்தப் பெண்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் பெறக்கூடிய தொழில்களில் சிகை அலங்காரமும் அழகுக்கலையும் அடங்குகின்றன. கணவனை இழந்த பின், இந்தத் தொழிலைப் பழகிக் குடும்பத்தைத் தாங்கும் பெண்கள் இருக்கிறார்கள். "முடி வெட்டுகிற வேலையா?" என்று முகத்தைச் சுழிப்பவர்கள், அந்தச் சுழிப்பில் பழைய சாதிக் கணக்கு ஒன்று ஒளிந்திருக்கிறதா என்று தங்களையே கேட்டுப் பார்க்கட்டும். அம்மம்மாவின் காலத்தில் பெண்ணுக்கு இல்லாதிருந்த கதிரையை இன்று பெண்களே போட்டிருக்கிறார்கள்.

அந்த வீட்டில் என்ன நடந்தது?

முடியையும் வகுப்பையும் வேறு வேறாகப் பாருங்கள் என்று மட்டும் தாயிடம் கேட்டுக்கொண்டேன். வெட்டிய முடி வளரும். விட்ட படிப்பு அப்படி அல்ல. அடுத்த திங்கட்கிழமை மகள் வகுப்புக்குப் போனாள். தாய் முழுமையாக ஆறவில்லை. முடி வளரும் வரை கோயில் திருவிழாவுக்குத் தன்னோடு வரவேண்டாம் என்று சொல்லியிருக்கிறாராம். ஆனால் இப்போது பேசுகிறார்கள்.

நான் புறப்படும்போது அம்மம்மா பேத்தியின் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வெட்டக் காசு எவ்வளவு எடுத்தவை?" என்று கேட்டார். தொகையைக் கேட்டதும், "உந்தக் காசுக்கு அண்டைக்கு ஒரு சோடிக் காப்பு வாங்கியிருப்பன்" என்றார். பேத்தி சிரித்துவிட்டாள். தாயும் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்ததை நான் பார்த்தேன்.

இந்த மாதம் உங்கள் மாதர் சங்கக் கூட்டத்துக்கு வீட்டில் மிஞ்சியிருக்கும் பழைய புகைப்படம் ஒன்றைக் கொண்டு வாருங்கள். அதிலுள்ள ஆண்களின் தலையையும் பெண்களின் தலையையும் பாருங்கள். பிறகு, அந்தப் படத்தில் உள்ள பெண் இன்றும் உங்களோடு இருந்தால், அன்று அவரை யாரும் கேட்காததை நீங்கள் கேளுங்கள். பதிலை எங்களுக்கும் எழுதுங்கள்.

அடுத்த இதழில் சந்திப்போம்.